'பேடி வந்தாள்' என்பதே இலக்கணம், சிரித்தவர் யார்?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழந்தமிழில் திருநங்கைகளுக்கு மரியாதை இருந்தது, சினிமா வந்துதான் அவர்களைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டது என்கிறார்கள். நீங்கள் செவ்விலக்கியம் நடத்துகிறவர். இது உண்மையா? அப்படியானால் அவர்களை வைத்து நகைச்சுவையே செய்யக் கூடாதா?"

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பாட்டு இடம் கொடுக்கவில்லை. அகநானூற்றில் 206-ஆம் பாட்டு, மருதத் திணை. எருமையின் கொம்பைச் சொல்ல வந்த புலவர் இப்படி ஓர் உவமை எடுக்கிறார்:

"பேடிப் பெண்கொண்டு ஆடுகை கடுப்ப
நகுவரப் பணைத்த திரிமருப்பு எருமை"

பேடி (இன்றைய திருநங்கைக்குப் பழந்தமிழ்ச் சொல்) பெண்கோலம் பூண்டு ஆடும்போது கை பின்பக்கமாக வளைகிறதே, அதுபோல முறுக்கிப் பருத்த கொம்பு. 'நகுவர' என்ற சொல்லைக் கவனியுங்கள். பார்த்தவர் சிரிக்கும்படி. ஊர் நடுவில் ஆட்டம் நடந்திருக்கிறது, சனம் சிரித்திருக்கிறது, அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் தெரிந்த ஒன்றாக இருந்ததால்தான் அது எருமைக்கு உவமையாகப் போக முடிந்தது. சினிமா பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இந்தக் காட்சி 'ரிலீஸ்' ஆகிவிட்டது.

வள்ளுவர் மட்டும் என்ன? "பேடிகை வாளாண்மை போலக் கெடும்" என்று 614-இல் ஒருமுறை, "பகையகத்துப் பேடிகை ஒள்வாள்" என்று 727-இல் இன்னொரு முறை. இரண்டு இடத்திலும் பேடி என்றால் கையில் வாள் இருந்தும் பயன் இல்லாதவர். நாலடியார் இன்னும் ஒரு படி மேலே போய், போன பிறவியில் பிறர் மனைவியிடம் போனவர்தான் "இம்மை அலியாகி ஆடி உண்பார்" என்று தீர்ப்பே எழுதிவிடுகிறது. 'ஆடி உண்பார்' என்பதில் ஒரு செய்தி இருக்கிறது: அவர்களுக்கு அன்றைக்கும் சோறு ஆட்டத்தில்தான் இருந்தது. ஆனால் மரியாதை? மன்னிக்கவும்.

இலக்கணத்துக்கு வந்தால் கதை மாறுகிறது.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பாவில், 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி', அதாவது ஆண்தன்மை மாறியவரைக் குறிக்கும் பெயர்ச்சொல், வருகிறது. இதையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே நூற்பாவில் வைத்து, இரண்டுக்கும் தனக்கென வினைமுடிபு கிடையாது, உயர்திணையில் உள்ள பாலின் ஈற்றையே கொள்ளும் என்கிறார். (இதை வைத்துத் 'தொல்காப்பியர் திருநங்கையைத் தெய்வத்துக்குச் சமமாக வைத்தார்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. இரண்டு பேருக்கும் சொந்தமாக விகுதி இல்லை என்பதுதான் அங்கே பேச்சு. கைதட்டுக்கு ஆசைப்பட்டு நூற்பாவை வளைக்க வேண்டாம்.) நமக்கு வேண்டியது பன்னிரண்டாம் நூற்பா: "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி / ஆண்மை அறிசொற்கு ஆகிடன் இன்றே." ஆண்பாலைக் காட்டும் ஈறு இவர்களுக்கு வர இடமே இல்லை. உரையாசிரியர்கள் தரும் உதாரணம் 'பேடி வந்தாள்'. 'வந்தான்' என்றால் அது வழு.

பல வருடம் முன் இந்த நூற்பாவை நடத்திய வகுப்பு எனக்கு மறக்காது. முதுகலை, முப்பது பேர். 'ஆண்மை திரிந்த' என்று வாசித்ததும் முன்பெஞ்சில் கிசுகிசு, அப்புறம் அடக்கிய சிரிப்பு. காரணம் எனக்குத் தெரியும்: கடைசிப் பெஞ்சில் ஒரு திருநங்கை மாணவி உட்கார்ந்திருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. அதட்டினால் அந்தப் பெண்ணைச் சுட்டிக் காட்டினதுபோல் ஆகும், விட்டால் சிரிப்பு வளரும். நான் விழித்துக்கொண்டு நிற்கையில் அவரே எழுந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். தொல்காப்பியர் 'வந்தாள்'தான் சரின்னு அப்பவே எழுதிட்டார் இல்லையா?"

"ஆமாம்மா."

"அப்போ கவுண்டர்ல ஃபீஸ் கட்டப் போனா 'அடுத்து யாரு, வந்தானா?'ன்னு கேக்கறாரே கிளார்க், அவருக்கு இலக்கணம் தெரியலையா, இல்ல தொல்காப்பியம் சிலபஸ்ல இல்லையா?"

வகுப்பு வெடித்தது. முன்பெஞ்சுக்காரர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். சத்தம் முன்பைவிடப் பெரிது, ஆனால் அது வேறு சிரிப்பு. என்ன வேறு என்று அந்த நிமிஷம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மதியம், தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய 'பேராசிரியர்' என்ற பழைய உரையாசிரியரைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது.

உணர்வுகள் உடம்பில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களம் சொல்வார் தொல்காப்பியர்: "எள்ளல் இளமை பேதைமை மடன்என்று / உள்ளப் பட்ட நகைநான்கு என்ப." எள்ளல் என்றால் கேலி, அவ்வளவுதான் என்று நாம் கடந்துபோய்விடுவோம். பேராசிரியர் நிற்கிறார். தான் பிறரை எள்ளி நகுதலும் எள்ளல், பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுதலும் எள்ளல் என்று இரண்டாகப் பிரிக்கிறார். முன்பெஞ்சு சிரித்தது முதல் வகை, கடைசிப் பெஞ்சிலிருந்து வந்தது இரண்டாவது. நகைச்சுவை பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இந்த ஒரு பிரிவினையைப்போல் எனக்கு உதவியது எதுவும் இல்லை.

இந்தக் கண்ணோடு மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையைப் படித்துப் பாருங்கள். மணிமேகலையும் சுதமதியும் பூப்பறிக்கத் தெருவில் நடந்து போகிறார்கள். புகார் நகரத்துத் தெருவில் அன்றைக்கு என்னென்ன வேடிக்கை என்று சாத்தனார் வரிசையாகக் காட்டுகிறார். முதலில் ஒரு குடிகாரன் சமணத் துறவியை மறித்துக்கொண்டு, கொஞ்சம் குடியுங்கள் அடிகளே என்று வம்பளக்கிறான்: "கொலையும் உண்டோ கொழுமடல் தெங்கின் / விளைபூந் தேறலில்?" தென்னங்கள்ளில் கொலை எங்கே இருக்கிறது, பிறகேன் உங்கள் அகிம்சை அதைத் தடுக்கிறது? அசல் தர்க்கம். சமணத்தின் அடிமடியிலேயே கை வைக்கும் நகைச்சுவை. அடுத்து ஒரு பித்தன். அதற்கடுத்துப் பேடு.

பேடுக்குச் சாத்தனார் ஏறத்தாழப் பத்து வரி கொடுக்கிறார். சுருண்ட தாடி, பூச்சூடிய கருங்கூந்தல், பவளச் செவ்வாய், 'தவள ஒள்நகை', வெள்ளைத் தோடு, வளைந்த புருவம், காந்தள் போன்ற கை, மார்பு, இடை, வட்டுடை. தலையிலிருந்து கால்வரை ஒரு கேமரா இறங்குவதுபோல் இருக்கிறது. தாடியையும் பூங்குழலையும் ஒரே அடியில் அடுத்தடுத்து வைத்ததில்தான் வேடிக்கை. வாணன் என்ற அசுரனுடைய ஊர்த் தெருவில் திருமாலின் மகன் காமன் ஆடிய அதே பேடிக்கூத்து இது. சிலம்பில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்று, "ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி ஆடல்". பெரிய மரபுதான். ஆனால் தெருவில் நிற்கும் ஆடுநருக்குச் சாத்தனார் ஒரு சொல் பேசத் தரவில்லை. குடிகாரனுக்கு வசனம் உண்டு, பேடுக்கு இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே 'நகை' அந்தத் தவள ஒள்நகை, அதாவது வெண்ணிறப் பல்வரிசை. சிரிப்பு பூராவும் 'பேடு காண்குநர்' பக்கம்.

சாத்தனார் இதை அறிந்தே செய்தாரோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஏனென்றால் இந்த வேடிக்கையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அதே கூட்டம் அடுத்துத் திரும்பி மணிமேகலையைச் சூழ்ந்துகொள்கிறது. துறவி, பித்தன், பேடு, இளம்பெண்: கண்ணுக்குத் தீனி மாறுகிறதே தவிர கூட்டம் மாறவில்லை.

சினிமாவுக்குத் தாவினால், அங்கே நடந்ததும் இதுதான். பஸ் ஸ்டாண்டு, இரண்டு கைதட்டல், பின்னணியில் ஒரு கேலி இசை, கதாநாயகனின் நண்பன் ஓட்டம், தியேட்டரில் சிரிப்பு. வந்தவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஆனால் அதே ஆண் நடிகர் புடவை கட்டி மாமியாக வந்தால் அவருக்குப் படம் முழுக்க வசனம், விருது, பாராட்டு. வேஷம் எப்போது கலையும், எப்போது மாட்டுவார் என்று நாம் அவர் பக்கம் நின்று பதறுகிறோம். வேஷம் இல்லாமல் வாழ்கிறவரைப் பார்த்தால் மட்டும் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்கிறோம். 2015 பொங்கலுக்கு வந்த ஒரு பெரிய படத்தில் திருநங்கைக் கதாபாத்திரத்தைக் காட்டிய விதத்துக்கு எதிராகச் சென்னையில் திருநங்கைகளே போராட்டம் நடத்தினார்கள். 'ஜோக்கைக்கூடத் தாங்க முடியாதா' என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. ஜோக்கில் கடைசி வசனம் அவர்களுக்கு இருந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

பழைய இலக்கியம் எல்லாமே ஊமைப் பாத்திரமாகத்தான் வைத்ததா என்றால் அதுவும் இல்லை. வடமொழியில் 'பாணம்' என்று ஒரு வகை நாடகம் உண்டு. ஒரே நடிகர், விடன் (ஊர் சுற்றும் உல்லாசப் பேர்வழி) வேடத்தில் தெருவில் நடந்துகொண்டே, எதிர்ப்படுகிறவர்கள் பேசுவதையும் தானே சொல்லிக்கொண்டு போவார். இன்றைய ஸ்டாண்ட்-அப் காமெடிக்குத் தாத்தா என்றால் தப்பில்லை. வரருசி பெயரில் வழங்கும் 'உபயாபிசாரிகா' அப்படி ஒன்று, கதைக்களம் பாடலிபுத்திரம். அதில் சுகுமாரிகா என்று ஒருத்தி வருகிறாள், 'திருதீயா பிரகிருதி', அதாவது மூன்றாம் இயல்பினள். அவளைத் தூரத்தில் பார்த்ததுமே விடன் நழுவப் பார்க்கிறான், முடியவில்லை. கேலியும் செய்கிறான், மேலுக்குப் புகழ்ச்சி போலத் தோன்றும் கொஞ்சம் பச்சையான கேலி. ஆனால் அவளுக்குப் பெயர் இருக்கிறது, ராமசேனன் என்று காதலன் இருக்கிறான், அவன்மேல் மனத்தாங்கல் இருக்கிறது, அதைச் சொல்ல அவளுக்கு வாயும் இருக்கிறது. அந்த நாடகத்தில் வருகிற எல்லாக் காதலர்களையும் போல அவளும் ஒரு காதல் சிக்கலில் மாட்டினவள். சிரிப்பு அவளுக்கும் உண்டு, மற்றவர்களுக்கும் உண்டு. என் கணக்கில் இதுதான் பந்தியில் இலை போடுவது.

கிரேக்கத்துக்குப் போனால் நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோஃபனீஸ். கி.மு. 411-இல் ஏதென்ஸில் அரங்கேறிய 'தெஸ்மோஃபோரியாசூசே' நாடகத்தில் அகத்தோன் என்ற கவிஞர் பெண்ணுடையில் வருகிறார். அகத்தோன் கற்பனை ஆள் அல்ல, அந்த ஊரில் வாழ்ந்த, பரிசு வாங்கிய துன்பியல் கவிஞர். யூரிப்பிடீஸ் என்ற இன்னொரு துன்பியல் கவிஞரின் உறவுக்காரக் கிழவர் ஒருவர் அவரை ஏற இறங்கப் பார்த்துக் கண்டபடி கேலி பேசுகிறார். அகத்தோன் சொல்லும் பதிலின் சாரம்: பெரியவரே, உங்கள் பொறாமைப் பேச்சு காதில் விழுந்தது, ஆனால் வலிக்கவில்லை. என் எண்ணத்துக்கு ஏற்ற உடையை நான் உடுத்துகிறேன். அதற்கப்புறம் நாடகம் என்ன செய்கிறது? கேலி பேசிய அந்தக் கிழவரையே பிடித்து, சவரம் செய்து, உடம்பு மயிரைத் தீயில் பொசுக்கி, புடவைக்குச் சமமான உடையைச் சுற்றி, பெண்கள் கூட்டத்துக்கு உளவு பார்க்க அனுப்புகிறது. கேலி திரும்பி அவர் தலையிலேயே விழுகிறது. அரிஸ்டோஃபனீஸ் நல்லவர் என்று சொல்லமாட்டேன், மீசை முளைக்காத கிளெய்ஸ்தெனீஸ் என்ற ஏதென்ஸ்காரரை அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஆனால் அவருடைய மேடையில் எள்ளப்பட்டவர் பதில் பேசினார்.

உரிமை பற்றிக் கேட்கவில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. 'சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது, அதனால் உரிமை கொடுங்கள்' என்று வாதிடுவது எனக்குப் பிடிக்காது. அப்படிப் போனால் எதிர்த்தரப்பு நாலடியாரைத் தூக்கிக்கொண்டு வரும். உயிரோடு இருக்கும் மனுஷிக்கு ரேஷன் கார்டு கொடுக்க அகநானூறு சாட்சிக்கு வரவேண்டியதில்லை.

ஆனால் நன்னூலில் ஒரு சொல் இருக்கிறது, அதைச் சட்டம் எழுதுகிறவர்கள் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி, 264-ஆம் நூற்பாவில், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால் என்கிறார். தொல்காப்பியர் சொல்லாத திருநம்பியும் இங்கே உள்ளே வந்துவிட்டார். 'அவாவுவ' என்ற வினைதான் முக்கியம். அவா, விருப்பம். உடம்பைச் சோதித்துப் பார்த்து அல்ல, எதை விரும்புகிறார் என்று கேட்டுப் பால் சொல்கிறது இலக்கணம். அடுத்த அடியிலேயே 'இருமையும் அஃறிணை அன்னவும் ஆகும்' என்று ஒரு வாசலைத் திறந்துவைத்துக் கெடுத்தும்விட்டார். தெருவில் 'அது போகுது பாரு' என்கிறவனுக்கு நன்னூல் தெரியாது, ஆனால் அவன் நிற்பது அந்த வாசலில்தான்.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில், ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்றது. அவாவுதல் போதும் என்ற தீர்ப்பு. தமிழ்நாட்டில் அதே ஏப்ரல் 15 ஏற்கெனவே திருநங்கையர் தினம், 2008-இல் இங்கே நலவாரியம் அமைத்ததை ஒட்டி வந்தது. 'அலி', 'ஒன்பது' போன்ற சொற்களை ஒதுக்கி அரசுத் தாள்களில் 'திருநங்கை' என்ற சொல் உட்கார்ந்ததும் அந்தக் காலத்தில்தான். பிறகு 2019-இல் மத்தியச் சட்டம் வந்தபோது, சுயமாக உணரும் பாலினம் உரிமை என்று ஒரு பிரிவில் எழுதிவிட்டு, அடுத்த பிரிவுகளில் மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கச் சொன்னது, ஆண் அல்லது பெண் என்று மாற்ற அறுவை சிகிச்சைச் சான்று கேட்டது. பவணந்தி கேட்காத சான்று.

அந்தச் சட்டத்தில் தண்டனைகளைச் சொல்லும் 18-ஆம் பிரிவை நான் வகுப்பில் சொல்லும்போது ஒரு கணக்கும் சேர்த்துச் சொல்வேன். 1871-இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஒரு பகுதி, வட இந்தியாவில் இவர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் பெண்ணுடையில் பொதுத்தெருவில் வந்தாலோ, பொது இடத்தில் ஆடினாலோ இரண்டு ஆண்டு வரை சிறை. மாதவி ஆடிய ஆடல் குற்றம். 2019 சட்டத்தில், ஒரு திருநங்கையைப் பாலியல் கொடுமை செய்தவனுக்கு அதிகபட்ச தண்டனை என்ன? இரண்டு ஆண்டு. பெண்ணுக்கு நேர்ந்தால் பாலியல் வல்லுறவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு. ஆடினதற்கும் இரண்டு, அவளைச் சிதைத்ததற்கும் இரண்டு. இதற்குச் சிரிக்க எந்த மெய்ப்பாட்டிலும் இடம் இல்லை.

சரி, இரண்டாவது கேள்வி: அவர்களை வைத்து நகைச்சுவையே கூடாதா? கேள்வியிலேயே 'அவர்களை வைத்து' என்று இருக்கிறது பாருங்கள், அதுதான் சிக்கல். ஒருமுறை சித்திரையில் கூவாகம் போயிருந்தேன். மறுநாள் பலியாகப் போகும் அரவானான கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ள நீண்ட வரிசை, புழுக்கம், தள்ளுமுள்ளு. பின்னாலிருந்து ஒரு குரல்: "ஒரே புருஷன், ஒரே ராத்திரி, இத்தனை பொண்டாட்டி. சக்களத்திச் சண்டைய நாளைக்கு வெச்சுக்கலாம்டி, நாளைக்குத்தான் அவன் இருக்க மாட்டான்!" விரல்களை விரித்து உள்ளங்கை மட்டும் மோதும் அந்தத் தட்டு ஒன்று, அப்புறம் வரிசை முழுக்கச் சிரிப்பு. மறுநாள் காலை அதே பெண்கள் தாலி அறுத்து, வெள்ளைப் புடவை கட்டி, மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். டிவியில் அழுகை மட்டும் வந்தது.

ஜமாத்துக்குள் (திருநங்கைகள் சேர்ந்து வாழும் குழு) இருக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள், வாய்க்கு வாய் பதில். கடை கடையாகக் காசு கேட்கப் போகும் இடத்தில் ஒரு நாளைக்கு நூறு பேருடைய ஏளனத்தைக் கடக்க வேண்டியவர்களுக்கு நாக்கு கூர்மையாகாமல் இருக்குமா? அந்த நகைச்சுவை மேடைக்கு வரவேண்டும், வந்துகொண்டும் இருக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யா போன்றவர்கள் சென்னையில் 'பன்மை' என்ற நாடகக் குழுவைத் தொடங்கித் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்துக் காட்டினார்கள். ஆடலில் நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் பழந்தமிழ்ப் பாட்டுக்கு அபிநயம் பிடிக்கையில், அகநானூற்றுப் புலவர் கொம்புக்கு உவமை சொன்ன 'ஆடு கை' எனக்கு நினைவு வராமல் இருந்ததில்லை. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. வெளியாள் ஒருவர் திருநங்கையைப் பாத்திரமாக வைத்து நகைச்சுவை எழுதலாமா? தாராளமாக எழுதுங்கள். அவருக்கு ஒரு பெயர், ஒரு கவலை, கடைசி வசனத்தைச் சொல்லும் வாய்ப்பு இது மூன்றையும் கொடுத்துவிட்டு எழுதுங்கள். கொடுத்துப் பார்த்தால் பல ஜோக்குகள் தாமாகவே உதிர்ந்துவிடும், அதைத்தான் பலருக்குத் தாங்க முடிவதில்லை.

அந்த மாணவி கதையை முடிக்கவில்லை. பருவத் தேர்வில் 'நகை நான்கினையும் எடுத்துக்காட்டுடன் விளக்குக' என்று ஒரு பத்து மதிப்பெண் வினா. எள்ளலுக்குக் கீழே பேராசிரியரின் இரண்டு வகையையும் சரியாக எழுதி, எடுத்துக்காட்டாக அந்த ஃபீஸ் கவுண்டரை அப்படியே வைத்திருந்தார், 'வந்தானா' உட்பட. நான் பத்துக்கு ஒன்பதரை போட்டேன். விடைத்தாள் வெளித்தேர்வாளரிடம் போய்த் திரும்பியபோது ஏழரை ஆகியிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'எடுத்துக்காட்டு இலக்கியத்திலிருந்து தரப்பட வேண்டும்.'